ஹியூபேட் முதலில் குடிப்பார்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை. மனநோயோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஆறு பேர் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சண்டை பிடித்து வாழும் வீடு அது. வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸேறி வந்து அதைப் பார்த்துக்கொள்வது நான், சுபோதினி. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அந்தக் கோபத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் ஹியூபேட்.

ஹியூபேட் இந்த ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த இளம் வயதில், ஆளில்லாத இடத்திலிருந்து குரல்கள் அவரைக் கூப்பிடத் தொடங்கின. வேலை போயிற்று, பேசி வைத்திருந்த கல்யாணமும் போயிற்று. பாதி ஆயுள் ஆஸ்பத்திரிக்கும் அக்கா வீட்டுக்குமாகக் கழிந்தது. இப்போது மாத்திரையும் குரல்களும் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கின்றன. வெங்காயம் உரிக்கும்போது அவை தொந்தரவு செய்தால், வேலையாக இருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உரிப்பார். என்னிடம்கூட அவர் அவ்வளவு மரியாதை காட்டுவதில்லை.

வீட்டில் அவருக்கு ஓர் உத்தியோகமும் உண்டு. கூட இருக்கும் பொன்னம்பலம் ஐயா கிருலப்பனையில் வாத்தியாராக இருந்தவர். சாப்பாட்டில் யாரோ எதையோ கலந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய பயம். வந்த புதிதில் எலும்பும் தோலுமாக இருந்தார். டொக்டர் சொன்னார், நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஹியூபேட் அதே தேநீரைத் தன் சில்வர் டம்ளரில் ஊற்றி, ஐயாவுக்கு முன்னால் மடக்மடக்கென்று குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். ஐயாவும் குடித்தார். அன்றிலிருந்து அது வீட்டு முறையாகிவிட்டது. சோறோ தேநீரோ, முதலில் ஹியூபேட், பிறகுதான் ஐயா. காய்ச்சல் வந்தாலும் ஹியூபேட்டுக்கு லீவு கிடையாது.

எங்கள் ஒழுங்கையில் மாதா திருநாளன்று சுரூபத்தோடு சுற்றுப்பிரகாரம் ஊர்வலமாக வரும்போது வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள். போன வருஷம் நாங்களும் போட்டோம். வந்தவர்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், அடுத்த வீட்டு மேசையில் போய்க் குடித்தார்கள். எதிர்வீட்டு றொசானா தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஓர் அண்டா நிறையப் பிழிந்து சீனி கரைத்த தேசிக்காய்த் தண்ணீரைக் குரோட்டன் செடிகளுக்கு ஊற்றினோம். ஹியூபேட் ஒரு கிழமை யாரோடும் கதைக்கவில்லை, குரல்களோடுகூட.

இந்த வருஷமும் மேசை போட வேண்டும் என்று அவர் வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்றேன். அந்த முகம் இன்னொரு தடவை சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"மிஸ், நான் இந்த ரோட்டுப் பிள்ளை. என்ட கையால ஒரு ஆளாவது குடிக்கணும்" என்றார்.

தேசிக்காய் வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் பாண்ட் வாத்தியம் முன்னே வந்தது. மட்டக்குளியிலிருந்து வந்த ட்ரம்பெட்காரர் ஒருவர், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், வேர்த்து வழிய வந்து கையை நீட்டினார். ஹியூபேட் பழக்கதோஷத்தில் தன் டம்ளரில் ஊற்றி, முதலில் தான் குடித்து, கவிழ்த்துக் காட்டினார். இப்போது நீங்கள் குடிக்கலாம் என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஏற்கெனவே சந்தேகப்படுகிற சனத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் ட்ரம்பெட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இது என்ன புது முறை என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றார் ஹியூபேட், கொஞ்சம் பெருமையாகவே. ட்ரம்பெட்காரர் குடித்துவிட்டுக் கூட்டாளிகளையும் கூப்பிட்டார். அவர்களுக்கும் முதலில் ஹியூபேட்தான் குடித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். றொசானாவின் கணவரும் குடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட, வேறு வழியில்லாமல் அவளும் வந்தாள். ஆளுக்கொரு டம்ளர் என்றால் ஹியூபேட்டின் வயிறு என்ன அண்டாவா? சரியாக அவளுடைய முறை வந்தபோது மனுஷன் ஜக்கை வைத்துவிட்டு உள்ளே கக்கூசுக்கு ஓடினார்.

றொசானா நீட்டிய கையோடு நின்றாள். அந்தக் கை பின்வாங்கத் தொடங்கியது. நான் ஜக்கை எடுப்பதற்குள், பக்கத்து நாற்காலியிலிருந்து பொன்னம்பலம் ஐயா எழுந்தார். ஹியூபேட்டின் டம்ளரில் ஊற்றினார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்; டம்ளரைக் கவிழ்த்தார்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, நல்லாத்தான் இருக்கு. குடியுங்கோ."

றொசானா குடித்தாள். நான் அத்தனை சனத்துக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஹியூபேட் திரும்பி வந்து, யார் முதலில் குடித்தது என்று கேட்டார். ஐயா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஹியூபேட் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஜக் காலியாகிக் கிடந்தும் அந்தக் கையை விடவில்லை.

மறுநாள் காலை ஐயா பழையபடி தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஹியூபேட் குடித்துக் காட்டிய பிறகுதான் குடித்தார். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட இது என்ன சினிமாவா என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, றொசானா ஒரு தட்டுக் கட்லெட்டோடு படியேறி வந்தாள். நேரே ஐயாவுக்கு முன்னால் போய் நின்றாள். ஒன்றை எடுத்து, முழுவதையும் தின்று முடித்து, வெறும் கையை விரித்துக் காட்டினாள். பிறகுதான் தட்டை நீட்டினாள்.

ஐயா இரண்டு எடுத்தார். ஹியூபேட்டுக்கு அந்த ஒரு வேளை லீவு கிடைத்தது.