ஆறு விழுங்காத கூவல்

என் அம்மா ஜுனெலி போன கார்த்திகையில் இறந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் அவள் குரல் ஒரு துண்டுகூட இல்லை. வீட்டில் அவள் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது.

நேபாளத்தில், எங்கள் தாதிங் மலை ஊரில் அப்பா உஜிர்தான் கட்டுவால். ஊர்ச் சேதியை மேட்டில் நின்று கூவி அறிவிப்பது அவர் வேலை. அவர் கூவினால் அருகில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு சாவன் மாத மழையில், ஆற்றின் தொங்குபாலத்தில் இக்கரைத் தூணுக்கு மேலே மலைச்சரிவு வெடிப்பு விட்டது. அக்கரையில் கேழ்வரகு நட்டுக்கொண்டிருந்த பெண்களோடு என் அக்கா மைசரியும் இருந்தாள். வேலை முடிந்ததும் அந்தப் பாலத்தில்தான் திரும்புவார்கள். அப்பா கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார். ஒருத்தியும் நிமிரவில்லை.

பக்கத்தில் நின்ற கட்க பகதூர், "உஜிரே, உன் சத்தத்த ஆறு முழுங்கிடுச்சுய்யா" என்றார்.

உண்மைதான். தூரம் கூடக்கூட உரப்பு குறையும், சுருதி மாறாது. வெள்ளத்தின் இரைச்சலில் கனத்த ஒலியே அதிகம். அப்பாவின் கனத்த குரல் அதில் கரைந்துபோனது. அதற்கு மேலே நிற்கும் கீச்சுக்குரலைக் காது பிரித்தெடுத்துவிடும். ஆனால் அந்த உச்சச் சுருதியில் சொற்கள் கலங்கிவிடும். மெட்டுதான் போய்ச் சேரும்.

அம்மா ஆடு மேய்த்தவள். முன்னால் வந்து, கூவுவதற்காகக் கன்னத்தில் கை வைத்தாள். ஆடுகளை வீட்டுக்கு அழைக்கும் கூவலை எடுத்திருந்தால் பெண்கள் நேராகப் பாலத்துக்கு வந்திருப்பார்கள். அதனால், சிறுத்தையைக் கண்டால் மந்தையைத் திருப்பும் கூவலை எடுத்தாள். உச்சத்தில் பிடித்து, சட்டென்று வெட்டி, மறுபடியும்.

அக்கா நிமிர்ந்தாள். பாலத்தை நோக்கி நடந்தாள். அம்மா நிறுத்தாமல் கூவினாள். அக்கா நின்றாள். பிறகு எல்லோரும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு அக்கரை மேட்டில் ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் சரிவு தூணையும் பாலத்தையும் இழுத்துக்கொண்டு போனது.

மறுநாள் ஆற்றின் கீழேயுள்ள வேறொரு பாலம் வழியாகச் சுற்றி அக்கா வந்து சேர்ந்தாள். தன் சத்தம் கேட்டதா என்று அப்பா விசாரித்தார். இல்லை என்று சொல்லிவிட்டு அக்கா அம்மா பக்கம் திரும்பினாள்.

"எங்கள என்ன ஆடுன்னு நெனச்சியா?"

அம்மா களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"ஆடா இருந்தா மொதக் கூவல்லயே திரும்பியிருக்கும்டி."