பங்குனி மாதத்து வரப்பில் வழுக்கி விழுந்தவன்

ஹலிமா அக்கா போய்விட்டார்.

காலையில் வயலில் நின்றபோது அவர் மகள் பாத்திமா போன் பண்ணினாள். "மாமா... அம்மா போயிட்டாங்க." இதோ வர்றேம்மா என்றேன்.

டவுன் ஜி.எச்.சில் ஆயாவாக இருந்தவர். கையில் பினாயில் வாளி, வாயில் வெற்றிலை. ரிட்டையர் ஆகி ரொம்ப நாளாச்சு. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வார்டில் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள்.

எனக்கு அவர் பழக்கமானது நான் சொன்ன ஒரு பொய்யால்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நீடாமங்கலத்துக்கு இந்தப் பக்கம், அப்பா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்தை விட்டு இறங்கச் சொல்லி மிராசு வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாட்டேன் என்றேன்.

அந்த வீட்டு பீரோவில் ரெண்டு கட்சித் துண்டும் மடித்து இருக்கும். ஆட்சி மாறினால் துண்டு மாறும், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் உளுந்து பறிக்கப் போனவனை நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். வலது கை முறிந்தது, தலையில் தையல். "வெளிய சொன்னீன்னா அடுத்தது ஒன் பொண்டாட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் மனைவி செல்விதான் பஸ்ஸில் ஏற்றி ஜி.எச். கொண்டுபோனாள். ஊரில் ஒருத்தர் கூட வரவில்லை. எல்லாருக்கும் அன்றைக்குப் பார்த்து அவசர வேலை.

டாக்டர் புதுசு, மலைப்பக்கத்து ஊர்க்காரர். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"வரப்புல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

பாதி பயம். மீதி வெட்கம். ஊரையே கிண்டல் பண்ணிக்கொண்டு திரிகிறவன், அடி வாங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது...

டாக்டர் எழுதக் குனிந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"ஏன் தம்பி, இது என்ன மாசம்?"

"பங்குனிக்கா."

"மேட்டூர மூடி ரெண்டு மாசம் ஆவுது. ஆத்துல புள்ளைங்க கிரிக்கெட் ஆடுது. வயலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்கு. நீ எந்த ஊரு வரப்புல வழுக்குன?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"செத்த இருங்க சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது, கண் செல்வி மேல் இருந்தது. "இந்த நோட்டுல என்ன ஏறுதோ அதுதான் தம்பி கோர்ட்டு வரைக்கும் பேசும். இன்னைக்கு நீ வழுக்கி விழுந்தா, நாளைக்கு இந்தப் புள்ள வழுக்கி விழும். யோசிச்சு சொல்லு."

செல்விதான் சொன்னாள். நாலு பேர் பெயரையும், அவனவன் அப்பன் பெயரோடு.

மூணாம் நாள் மிராசு வீட்டுக் காரியஸ்தர் ஒரு பை சாத்துக்குடியோடு வார்டுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேசு கீசெல்லாம் எதுக்குப்பா? புள்ளகுட்டிக்காரன் நீ..."

அக்கா வாளியோடு வந்தார். "காலத் தூக்குங்க."

தூக்கினார்.

"அந்தக் காலு." அதையும் தூக்கினார். "ஸ்டூல எடுங்க." எழுந்து நின்றார்.

"இப்பத்தானம்மா தொடச்ச?"

"என்னங்க பண்றது, அழுக்கு வந்துகிட்டே இருக்கே."

வார்டே சிரித்தது. கை ஒடிந்ததிலிருந்து நான் சிரித்தது அப்போதுதான். காரியஸ்தர் போனதும் அக்கா சாத்துக்குடியைக் கட்டில் கட்டிலாகக் கொடுத்துவிட்டு, "இவனத் தனியா விடாதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் எனக்கும் முறை போட்டு உட்கார்ந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறார் என்று விசாரித்து, அவருக்கும் சொல்லியனுப்பினார். மறுநாள் பத்துப் பேர் செல்வியோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். முதல்நாள் அவள் தனியாகப் போனபோது வாங்காத புகாரை, அன்றைக்கு வாங்கினார்கள்.

நான் வீடு திரும்புகிறவரை செல்வியும் கைக்குழந்தையும் அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே ரூம். அவர்களைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அக்காவும் பாத்திமாவும் தரையில் படுப்பார்களாம். செல்வி சொல்லித்தான் தெரியும். அக்கா சொன்னதே இல்லை.

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்... ரிஜிஸ்டரில் இருந்த அந்த ஒரு வரியை அவரால் அசைக்க முடியவில்லை.

இன்று போன் வந்தபோது நான் நின்றது அந்த மூணு மா நிலத்தில்தான்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு எங்கே பார்த்தாலும் அக்காவுக்கு ஒரே கேள்வி. பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், என் மகள் கல்யாணத்தில் மேடையிலேயே சம்பந்தி முன்னால். "என்ன தம்பி, இப்ப எங்க வழுக்கி விழுந்த?"

ஊரில் எல்லாருக்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு. அவருக்கு மட்டும் கிடையாது.

போனை வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். டவுன் ஓரத்தில் இறங்கி, சீக்கிரம் போகலாம் என்று வரப்பிலேயே குறுக்கே நடந்தேன். ராத்திரியெல்லாம் மழை. அவர் வீட்டுக்கு ரெண்டு வயல் இருக்கும்போது கால் சறுக்கிவிட்டது. வேட்டியெல்லாம் சேறு. அப்படியே போய் வாசலில் நின்றேன்.

பாத்திமா மேலும் கீழும் பார்த்தாள். "என்ன மாமா இது?"

"வழுக்கி விழுந்துட்டேம்மா."

சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம். ஒரு கைப்பிடி மண் நானும் போட்டேன்.

நெசமாத்தான் விழுந்தேன்க்கா... இது ஐப்பசி மாசம்.

போயிட்டு வாங்க.