தங்கத்துக்குப் பதிலாகச் சிவப்பு நூல்

அந்த மனிதர் மேலங்கியை விரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வேலை போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன்.

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோ நகரில் ஒரு எம்பிராய்டரிக் கடையில் மெசின் ஓட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கிடைத்த வேலையும் போய்விடுமோ என்று எந்நேரமும் பயம். முதல் மாதம் வெள்ளைத் தொப்பியில் மஞ்சள் எழுத்துத் தெரியவில்லை என்று ஒரு ஹொக்கி அணி முழு ஓடரையும் திருப்பிக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத் துணியைக் கண்டாலே நெஞ்சு இடிக்கும்.

இந்த மனிதர் ஒரு சரித்திரக் கழகத்துக்காரர். சனிக்கிழமை ஊர்வலத்துக்கு, மனைவி தைத்த ஆறு வெள்ளை மேலங்கிகளைத் தந்திருந்தார். சிலுவைப்போர் வீரர்கள் ஜெருசலேமில் நிறுவிய அரசின் சின்னம் நெஞ்சில் வரவேண்டும்: நடுவில் பெரிய சிலுவை, சுற்றி நான்கு சின்னச் சிலுவைகள். எல்லாம் தங்க நூலில் என்று தாளில் எழுதியிருந்தது. வெள்ளையில் தங்கமா? இதுவும் திரும்பி வரும் என்று பதறினேன். முதலாளி சிவம் அண்ணை நூல் வாங்கப் பிறம்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். நானாகவே சிவப்பு நூலைக் கோத்தேன். எங்களுடையது ஒரே நேரத்தில் ஆறு துணியில் தைக்கும் ஆறு தலை மெசின். ஒரே ஓட்டத்தில் ஆறும் முடிந்தது.

அண்ணை திரும்பி வந்த கையோடு மனிதரும் வந்து, ஆங்கிலத்தில் படபடத்தார். அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார்.

"தங்கமும் வெள்ளியும் உலோகமாம். வெள்ளை எண்டால் வெள்ளிக் கணக்காம். உலோகத்துக்கு மேல உலோகம் வைக்கக்கூடாதெண்டு அரசச் சின்னம் கீறுறவங்களுக்குச் சட்டமாம். இந்த அரசு அதை வேணுமெண்டே மீறினதாம். பாக்கிறவன் 'உது பிழையெல்லோ' எண்டு கேக்கவேணுமாம். நீ போய் அதைத் திருத்திப்போட்டாய்!"

"வெள்ளையில தங்கம் தெரியாதெண்டு பயந்துபோனன் அண்ணை."

"பயந்தவன் அவரிட்டக் கேட்டிருக்கலாமே. மனிசன் என்ன கடிக்குமோ?"

சிவப்புத் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் துணியில் அப்படியே நிற்கும். சிலுவைகளைக் கொஞ்சம் அகட்டி, சிவப்பின் மேலேயே தங்க நூலை நெருக்கமாக அடிக்கச் சொன்னார் அண்ணை. தடித்த தையலில் மூன்று ஊசி முறிந்தது. சனி காலை மனிதர் வந்து பார்த்தபோது, சிவப்பில் ஒரு இழைகூட வெளியே தெரியவில்லை.

என்னை வேலையிலிருந்து நிற்பாட்டப் போவதாக அண்ணை மனிதரிடம் சொன்னார். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கியது. மனிதர் தலையை ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"இதே தங்கச் சின்னம் போட்ட பழைய அங்கியளை ஐஞ்சு வருசம் ஊர்வலத்தில போட்டுக்கொண்டு போனவங்களாம். அதில பிழை இருக்கெண்டு கண்ட முதல் ஆள் நீதானாம். கண்டாய், சரி. வாயைத் திறந்து கேட்டியோ? திங்கள் நேரத்துக்கு வா."

பயம் இன்றுவரை போகவில்லை. ஆனால் தாளில் எது கோணலாகப் பட்டாலும், ஊசி இறங்குமுன் ஓடர் தந்தவரிடம் ஏன் இப்படி என்று கேட்கப் பழகினேன். புதிதாக வேலைக்கு வருகிற நீங்களும் அப்படிக் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.