கார் எஞ்சினுக்கு ஒரு மணித்தியாலப் பரீட்சை

போன சனிக்கிழமை ஒரு விமானத்தின் எஞ்சின் நின்றுபோனது. நின்ற இடம் தரை என்பதால்தான் சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஸ்ரௌவ்வில் நகரைத் தாண்டி வடக்கே ஒரு சின்ன விமானத் தளம். அங்கே ரமணன் அண்ணை வருடக்கணக்காக ஒரு விமானம் கட்டுகிறார். ஆம், கட்டுகிறார்! வார நாட்களில் வீடு வீடாக ஹீட்டிங் திருத்தும் வேலை; சனி, ஞாயிறு விமானம். எஞ்சினியரிங் படித்துவிட்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கும் எனக்கு, ஒரு ஸ்பானரையாவது தொட்டுப் பார்க்க ஆசை. போய் ஒட்டிக்கொண்டேன்.

விமானத்தில் இரண்டு சீட். ஒன்று அண்ணைக்கு, மற்றது அவர் மனைவி சுகந்தி அக்காவுக்கு. அக்கா ஏறுவாரா? அதுதான் கேள்வி... ஏனென்றால் அண்ணை பூட்டியிருப்பது காரிலிருந்து எடுத்து மாற்றியமைத்த எஞ்சின்.

சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு அது சட்டப்படி சரிதான். விமானத்துக்கென்றே செய்து, சோதித்து, சான்றிதழ் வாங்கிய எஞ்சினும் கிடைக்கும். விலை? அந்தக் காசில் வீட்டின் பேஸ்மென்டையே புதிதாகக் கட்டி வாடகைக்கு விடலாம்!

"காருக்குச் செய்ததை ஏன் வானத்துக்குக் கொண்டுபோறியள்?" என்பார் அக்கா.

"உம்மடை கார் இந்த விண்டர் முழுக்க ஒரு நாளாவது நிண்டதோ? அதே வகை எஞ்சின்தானப்பா."

"கார் நிண்டால் ஓரமாய் விட்டிட்டு டோ ட்ரக்கைக் கூப்பிடுவன். மேலை ஆரைக் கூப்பிடுறது?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சான்றிதழ் எஞ்சின் பழைய வடிவமைப்பு. ஆனால் பற்றரி செத்தாலும் தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொண்டு ஓடும். கார் எஞ்சின் புதுசு, கெட்டிக்காரன். ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு. நான் எந்தப் பக்கம்? கிழமைக்குக் கிழமை மாறுவேன்.

பக்கத்தில் நிற்கும் பழைய விமானத்தின் சொந்தக்காரர் குகன் அங்கிளுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவருடையது சான்றிதழ் எஞ்சின். "ரமணன், உதுக்கு ஸ்நோ டயரும் போட்டாச்சோ?" என்று கேட்காமல் அவருக்குக் கோப்பி இறங்காது.

கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார். "தரையிலை கட்டி வைச்சு ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கோ. நிக்காமல் ஓடினால் நான் ஏறுறன். நிண்டால் உதைக் கழட்டிப்போட்டு மற்றதை வாங்குங்கோ. வாங்க ஏலாட்டில் தனியப் பறவுங்கோ."

போன சனிக்கிழமை காலை அக்கா பூசைத் தட்டோடு வந்து இறங்கினார். புது வாகனம் அல்லவா? சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய். மூக்கில் மாலை. கற்பூரத்தை எடுத்ததும் அண்ணை பதறிவிட்டார் — டாங்க் நிறையப் பெற்றோல்! அக்கா கார் பார்க்கில் நின்று கொளுத்தி, அங்கிருந்தே விமானத்துக்குக் காட்டினார். பிறகு சந்தனம், குங்குமம். கெட்டியாகக் குழைத்த சந்தனம். மூக்கிலும் வாலிலும் இறக்கைகளிலும் பொட்டு. விமானத்தைத் தள்ளித் தேசிக்காய்களை நசித்து, மாலையைக் கழற்றி, வாலைக் கட்டி... ஸ்டார்ட்!

என்ன அழகான சத்தம்! அரை மணித்தியாலம் தாண்டியது. அக்கா செல்பிகூட எடுத்தார். அதன்பிறகு எஞ்சின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. நின்றது.

"நான் அப்பவே சொன்னனான்!" குகன் அங்கிளுக்கு வாயெல்லாம் பல். "செர்டிபிகேட் எண்டு சும்மாவே குடுக்கிறாங்கள்? என்ரை பிளேனிலை மத்தியானம் லஞ்சுக்குப் பறக்கப் போறன். நிண்டு பாருங்கோ!"

அண்ணை இறங்கவில்லை. பக்கத்திலிருந்த காலி சீட்டைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினைத் திட்டுவதற்கு முன், அதற்குச் சாப்பாடு போகிறதா என்று பார்க்க வேண்டாமா? இறக்கையிலிருந்த பெற்றோல் டாங்கின் மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ்... என்று காற்றை உள்ளே இழுத்தது.

பெற்றோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளையின் மேல்... நன்றாகக் காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு! மற்ற இறக்கையிலும் அப்படியே. அக்கா ஓரவஞ்சனை செய்யாதவர்.

"அக்கா, மூடியிலையோ பொட்டு வைச்சனீங்கள்?"

"வட்டமாய், நெத்தி மாதிரி இருந்துது பிள்ளை..."

அண்ணை சிரித்த சிரிப்பு ஓடுபாதையின் மறுகரைக்கே கேட்டிருக்கும். துளைகளைச் சுத்தம் செய்து முதலிலிருந்து ஓட்டினோம். ஒரு மணித்தியாலம். ஒரு இருமல் இல்லை.

எந்த எஞ்சின் நம்பகமானது என்று நாங்கள் அடித்துக்கொள்கிறோம். அதைச் சுற்றி நம் கை பூட்டுகிற குழாய், வயர், மூடி... இவற்றுக்கு யார் சான்றிதழ் கொடுப்பது? அந்தப் பொட்டோடு எந்த எஞ்சினும் நின்றிருக்கும்.

"சரியப்பா. நீங்கள் முதல் தனியப் பறந்து சோதிச்சு முடியுங்கோ. பிறகு நான் ஏறுறன்," என்றார் அக்கா. "ஆனால் எஞ்சினைச் செக் பண்ணுற மாதிரி என்னையும், கையிலை சந்தனம் இருக்கோ எண்டு செக் பண்ணிப்போட்டு ஏத்துங்கோ."

குகன் அங்கிள் விடவில்லை. "எண்டாலும் என்ரை எஞ்சினுக்கு உப்பிடியெல்லாம் வராது."

அக்கா தொண்டையைச் செருமினார். "அங்கிள்... காலமை சந்தனம் கொஞ்சம் மிஞ்சினது. உங்கடை பிளேனும் பக்கத்திலை தனிய நிண்டுது, பாவமாய் இருந்துது..."

குகன் அங்கிள் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.