பதினொரு நிமிடம்

எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கை அவரோடு இருந்தாள். இருபத்தாறு வருடம் ஊரையே மேலே ஏற்றி இறக்கியவர், தினமும் படியேறித்தான் வீட்டுக்கு வந்தார். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் அவருக்கு நேர்மேல் வீடு. வானிலை நிலையத்தில் முப்பத்துநான்கு ஆண்டு மழையளவு குறித்தவன்.

தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. தர்ம ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரம் இரண்டு, நோயாளிகள் பதினாறு பேர். வாரம் மூன்று முறை வேண்டியவர்களுக்கு இரண்டு முறைதான் கிடைத்தது. இன்னொரு இயந்திரம் வந்தால் எல்லோருக்கும் மூன்று முறை சரியாக வரும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நகரத்து மாரத்தானில் நல்ல காரியத்துக்கு நிதி திரட்டி ஓடலாம் என்றார்கள். லிஃப்ட்காரர் பெயர் கொடுத்துவிட்டுத் தன் கம்பெனி முதலாளியிடம் போனார்.

"முடிச்சதுக்கு சர்டிஃபிகேட் கொண்டா, மெஷின் என் செலவு. பாதியில உக்காந்தா ஒண்ணும் கிடையாது" என்றார் முதலாளி.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "பஸ்ஸைப் பிடிக்கவே ஓடாத மனுஷன் சார் இவரு. நாப்பத்திரண்டு கிலோமீட்டராம்! பின்னாடியே ஒரு ஆம்புலன்ஸை விடச் சொல்லுங்க."

"நீ வாயை மூடு. நான் ஓடுவேன், சார் டைம் பார்ப்பாரு."

முதல் நாள் எண்ணூறு மீட்டர் ஓடிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏழாம் மாதம் முப்பத்துநான்கு கிலோமீட்டர். அத்தனையும் என் நோட்டில் இருக்கிறது.

ஓட்டத்தன்று காலை ஐந்து மணிக்குத் தொடக்க வெடி வெடித்தது. கூட்டத்தின் கடைசியில் நின்ற லிஃப்ட்காரர் கோட்டைத் தாண்டியபோது ஐந்து பதினொன்று. அதைத்தான் நான் குறித்தேன். மேகம் கூடிய நேரத்தை நாங்கள் எழுதுவதில்லை. முதல் துளி மழைமானியில் விழுந்த நேரமே மழையின் நேரம். முடிக்க ஆறு மணி நேரம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அப்படியானால் பதினொன்று பதினொன்று வரை இருக்கிறது.

நாற்பத்தோராம் கிலோமீட்டரில் காத்திருந்தேன். நொண்டிக்கொண்டு வந்தார். மணி பத்து நாற்பத்தொன்பது.

"சார், டைம்?"

"இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு தம்பி. காலைக் கெடுத்துக்காதீங்க, நடந்தே போயிடலாம்."

"ஓடிடுவேன் சார். பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

என் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஓடாமல் என்னோடு நடந்தார். மெஷின் வந்ததும் தங்கையை முதலில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

பதினொன்று ஐந்துக்கு அங்கே போனபோது முடிவுக் கோட்டு விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரக் கணக்கு வெடி வெடித்ததிலிருந்தாம். நோட்டையும் வாட்சையும் காட்டி நான் சண்டை போட்டேன். "எல்லாருக்கும் ஒரே கணக்குதான் பெரியவரே" என்று சொல்லிவிட்டுக் கம்பங்களைப் பிடுங்கப் போய்விட்டார்கள்.

முதலாளியும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "லிஸ்ட்டுல முடிக்கலைன்னுதானே போட்டிருக்கு?"

வீட்டில் தங்கை கேட்டதற்கு, நான் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "கால் பிடிச்சுக்கிச்சு. சோம்பேறித்தனமா நடந்துட்டேன்."

"நான்தான் சொன்னேன்ல சார், பஸ்ஸுக்கே ஓடாதவருன்னு" என்று சிரித்தாள். சிரித்தபடியே அண்ணனின் காலை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தாள்.

ஓட்டம் முடிந்த ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், உடம்பில் நீர் கோத்து மூச்சுத் திணறி அவள் போய்விட்டாள். அடுத்த டயாலிசிஸ் முறை வியாழக்கிழமைதான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து படியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அவ முறை சார். சும்மா போயிடக் கூடாதுல்ல. இன்னொருத்தருக்குக் கொடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"தம்பி, அந்தப் பதினொரு நிமிஷம்..."

"விடுங்க சார். நீங்க கூடவே நடந்து வந்தீங்க." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஓடியிருப்பேன் சார்" என்றார்.