மூன்று தட்டு

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. எனக்கு வண்டி விற்ற கண்ணாடிக்காரருக்கு நான் தர வேண்டியிருந்த பாக்கி அது. அந்தத் தொகை எவ்வளவு நிஜமோ, இங்கே நான் எழுதப் போவதும் அவ்வளவு நிஜம். கதை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்கான தெம்பும் இல்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் தனியாக ஏரிக்குள் போய்விட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

பத்து வருஷம் நான் இன்னொருவருடைய வாட்டர் ஸ்கூட்டரில் பின்சீட்டில் உட்கார்ந்து பிழைத்தவன். வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி, காற்றடைத்த ரப்பர் வளையத்தை இழுத்துக்கொண்டு போவோம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதில் படுத்துக்கொண்டு கூச்சல் போடுவார்கள். ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, வளையத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். என்ஜின் போடும் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் காதில் விழாது. அதனால் கையைப் பின்னால் வீசி, புறங்கையால் அவர் தோளில் தட்டுவேன். ஒரு தட்டு, மெதுவாகப் போ. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, ஆள் விழுந்தாச்சு, திரும்பு. மூன்று தட்டு விழுந்தால் ஓட்டுகிறவர் ஏன் எதற்கு என்று யோசிக்கக் கூடாது. வண்டியைத் திருப்பி, விழுந்தவர் பக்கத்தில் போய், என்ஜினை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் வண்டியின் அடிப்பக்கம் தண்ணீரோடு தலைமுடியையும் சேர்த்து உறிஞ்சிவிடும். எல்லா ஏரியிலும் எங்கள் ஆட்களுக்கு இதுதான் சட்டம்.

பத்து வருஷ அலைச்சலில் என் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேல் பின்சீட்டில் உட்கார்ந்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கத் துணிந்தேன். என் மனைவியின் தம்பி பின்சீட்டுக்கு வருவதாகச் சொன்னான்.

வண்டி கிடைத்தது அரை நாள் தூரத்தில், வேறொரு ஏரிக்கரையில். விற்றவர் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என்ஜின் ஓடிய மணிக்கணக்கு குறைவு. பேட்டரி புதுசு. அடிப்பாகத்தில் விரிசல் இல்லை. டிரெய்லரில் வைத்தபடியே குழாய்த் தண்ணீர் கொடுத்து ஓட்டிக் காட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது.

"தண்ணியில இறக்கிக் காட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் தண்ணியில இறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு."

விலை மிகவும் குறைவு. பாதியைக் கொடுத்தால் போதும், மீதியை சீசன் முடிந்து கொடு என்றார். கூட வந்த மச்சான் என் முழங்கையை இடித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். மிதக்கவிட்டுப் பார்க்காமல் வண்டி வாங்கக் கூடாது என்று பத்து பேருக்குப் புத்தி சொன்னவன் நான்.

ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியது. சாவியைப் போடும்போது கண்ணாடிக்காரர் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தார். விற்கிறவர் வாங்குகிறவன் முகத்தைத்தானே பார்ப்பார்?

எங்கள் ஏரியில் வண்டியை இறக்கியதும் விஷயம் தெரிந்தது. ஆள் ஏறாமலே பின்பக்கம் தாழ்ந்தது.

"என்ன மாமா, அக்காவையும் ஏத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான் மச்சான்.

கரையில் நின்ற என் மனைவி விடுவாளா? "என் எடையப் பத்திப் பேசுற வாய்க்கு இன்னிக்குச் சாப்பாடு கிடையாது. போயி ஏரித் தண்ணியக் குடி."

சிரித்தோம். ஆனால் நான் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஆள் இல்லாமல் மிதக்கும்போது அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏரி அலுவலகத்தில் அனுமதி தர மாட்டார்கள். அனுமதி இல்லையென்றால் சீசன் இல்லை. சீசன் இல்லையென்றால் பாக்கி கட்டவும் இல்லை, வாயில் போடவும் இல்லை. மறுபடி அந்தப் பின்சீட்டு. அப்புறம் படுக்கை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அடிமூடிகளைத் திறந்தார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வரவில்லை. "உள்ள அடைச்சிருக்கிற நுரை தண்ணியக் குடிச்சிருக்கும். எடை போட்டாத் தெரிஞ்சிரும்" என்றார். பழைய இரும்புக் கடை எடைமேடையில் டிரெய்லரோடு ஏற்றினோம். டிரெய்லர் எடையைக் கழித்தோம். வண்டித் தகட்டில் என்ன போட்டிருந்ததோ, அதே எடை.

தரையில் சரியான எடை. தண்ணீரில் மட்டும் ஓர் ஆள் எடை கூடுதல்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "என் வயசுக்கு இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல." சொல்லிவிட்டு மூடிகளுக்குப் புது ரப்பர் போட்டு, இணைப்புகளில் பசை பூசிக் கொடுத்தார். சாயங்காலம் வரை காய வேண்டும் என்றார். கூலி வாங்கும்போது கையை நீட்டினாரே தவிர, வண்டிப் பக்கம் திரும்பவில்லை.

இதற்கு நடுவில் நான் இன்னும் இரண்டைக் கவனித்திருந்தேன். கழுவி வெயிலில் நிறுத்தினால் முன்சீட்டு காய்ந்துவிடும். பின்சீட்டு காயாது. பின்சீட்டின் குறுக்கே பிடித்துக்கொள்ள ஒரு பட்டை இருக்கும். கரையில் அது தொளதொளவென்று கிடந்தது. தண்ணீரில் இறக்கியதும் விறைத்து நின்றது. யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

ஈரத்தில் பட்டை சுருங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அதிகாரி வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு வண்டியை ஏரியில் இறக்கினேன். மச்சான் கரையில் நின்றான். நான் மட்டும் ஏறினேன். பின்னால் கயிறு இல்லை. வளையம் இல்லை. பின்சீட்டில் யாரும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கினேன். என்ஜினை அணைக்கும் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன்.

வெள்ளைக் கோடு தெரியவில்லை.

ஓட ஓடச் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. வேகம் கொடுத்தேன். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்னால் ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி. வளைத்தால் நான் சாய்வதற்கு முன்னாடியே வண்டி சாய்ந்தது. பின்சீட்டில் பழகின ஆள் எப்படிச் சாய்வான், அப்படி.

நடு ஏரிக்கு வந்துவிட்டேன். கரையில் விளக்குப் போட்டிருந்தார்கள். மச்சான் ஒரு புள்ளியாகத் தெரிந்தான்.

அப்போதுதான்...

வலது தோளில் ஒரு தட்டு.

அலை தெறித்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று.

மூன்று.

உள்ளங்கை இல்லை. புறங்கை. விரல் முட்டி எலும்பு தெரிகிற தட்டு. பத்து வருஷம் நான் தட்டிய அதே தட்டு. என்ஜின் அதிர்வில் கை தவறாமல் இருக்க, கொஞ்சம் அழுத்தி...

அந்தக் கை சில்லென்று இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சூடாக இருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. ஆனால் கை தானாக வேலை செய்தது. மூன்று தட்டு விழுந்தால் யோசிக்கக் கூடாது. வண்டியைத் திருப்பினேன். வந்த வழியிலேயே போனேன். தண்ணீரில் ஆளைத் தேடினேன். யாரை? தெரியாது. தேடினேன்.

கரைக்கு நூறு அடி இருக்கும்.

இரண்டு தட்டு.

நிறுத்து.

என்ஜினை அணைத்தேன்.

சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும். அப்புறம்... அது என் மூச்சு மட்டும் இல்லை.

சப்... சப்...

தண்ணீர், அடிப்பக்கத்தில் மோதியது.

பட்டை முறுக்கிக்கொள்ளும் சத்தம். கிறீச்...

பின்பக்கம் ஒரே ஒரு தடவை ஆழமாக அமுங்கியது. குதிக்கிறவன் காலை ஊன்றுவானே...

அப்புறம் மேலே வந்தது.

மெல்ல. முழுசாக.

பட்டை தொளதொளவென்று விழுந்தது.

எனக்குப் பின்னால் ஒரு வட்டம். தண்ணீரில். விரிந்துகொண்டே போனது.

யாரும் மேலே வரவில்லை.

எப்படி என்ஜினைக் கிளப்பினேன், எப்படிக் கரைக்கு வந்தேன் என்று கேட்காதீர்கள். மச்சான் இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"யாரு மாமா விழுந்தா?"

"யாரும் விழல."

"அப்புறம் எதுக்கு திரும்புனீங்க? எதுக்கு என்ஜின அணைச்சீங்க?"

நான் வண்டியை விட்டு இறங்கினேன். அவன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தெரிந்தது. அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் விளக்கை அணைக்க விடவில்லை, அவ்வளவுதான்.

காலையில் அதிகாரி வந்தார். கோட்டைப் பார்த்தார். முத்திரை குத்தினார். சீசன் நன்றாகவே போனது. மச்சான் பின்சீட்டில் உட்கார்ந்தான். ஒவ்வொரு முறை உட்காருவதற்கு முன்பும் சீட்டைத் துடைப்பான், காய்ந்திருந்தாலும் துடைப்பான். நான் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வண்டியைத் தண்ணீரில் விடுவதில்லை. என் மனைவி காரணம் கேட்டாள். முதுகுவலி என்றேன். நம்பவில்லை. ஆனாலும் விட்டுவிட்டாள்.

சீசன் முடிந்த மறுவாரம் பாக்கியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனேன். பணத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"வண்டி எப்பிடி இருக்கு?"

"நல்லா ஓடுதுங்க."

"பின்பக்கம்?"

எனக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சேதான் என் தலையில கட்டுனீங்களா?"

அவர் மேஜைமேல் இருந்த பணத்தையே பார்த்தார். நான் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன். அப்போது சொன்னார்.

"என் தம்பிதான் எனக்குப் பின்சீட்டு. அன்னிக்குக் கூட்டம் இல்ல. வளையத்தக் கழட்டிட்டு, சும்மா ஒரு ரவுண்டு போலாம்னு கிளம்புனோம். நடு ஏரியில மூணு தட்டு தட்டுனான். பின்னால வளையமே இல்ல. விழுறதுக்கு யாரு இருக்கா? விளையாடுறான்னு நெனச்சேன். மறுபடி தட்டுனான். 'சும்மா இருடா'ன்னு கத்திட்டு இன்னும் வேகமாப் போனேன்."

"அப்புறம்?"

"ரவுண்டு முடிச்சு வந்து திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. கரையில எல்லாரும் தலையில அடிச்சுக்கிறாங்க."

"நடு ஏரியில விழுந்துட்டாரா?"

கண்ணாடிக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"கிளம்புன இடத்துலயே விழுந்துட்டான். வண்டி எழும்புன வேகத்துல, படித்துறைக்குப் பக்கத்துலயே. அத்தனை பேரும் பாத்திருக்காங்க. கூப்பிட்டிருக்காங்க, எனக்குக் கேக்கல. அவன் முங்குனதுக்கு அப்புறம்தான் நான் நடு ஏரிக்கே போனேன்."

என் வலது தோள் சில்லிட்டது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அதுக்கப்புறம் எத்தனையோ தடவ தனியா எடுத்துக்கிட்டுப் போனேன்" என்றார். "பின்பக்கம் தாழும். அவன் இருக்கான்னு தெரியும். நடு ஏரிக்குப் போயி நின்னு பாப்பேன். தட்டவே மாட்டான். என்னைத் தட்டிப் பிரயோசனம் இல்லன்னு நெனச்சிருப்பான்." நிறுத்தினார். "உன்னைத் தட்டுனானா?"

"தட்டுனார்."

"எத்தனை?"

"மூணு."

"நீ திரும்புனியா?"

"திரும்புனேன்."

கண்ணாடியைக் கழற்றாமலே, விரலை உள்ளே விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பணத்தை எண்ணவில்லை. அப்படியே சுருட்டி என் சட்டைப் பையில் திணித்தார். நான் தடுத்தேன். அவர் கை என் கையைவிட பலமாக இருந்தது.

"இது வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. எங்க இறங்குனான்?"

"கரைக்கு நூறு அடி இருக்கும்போது."

"அங்க ஆழம் எவ்வளவு?"

"ரெண்டு ஆள் ஆழம் இருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வண்டியில எப்பவும் ஒரு ஜாக்கெட் கூடுதலா வச்சிரு தம்பி. அந்தப் பாக்கிக்கு இது போதும். அவனுக்கு நீச்சல் தெரியாது."

சரி என்றேன். கடன் அதோடு தீர்ந்தது.