இடப்பக்கம் ஒடியாத லாரி

செபாஸ்டினின் லாரி இடப்பக்கம் முழுசாகத் திரும்பாது. சமவெளியில் ஓடுகிற வண்டியாக இருந்தால் இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் ஓட்டியது பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்குகிற பாதையில். அங்கே வளைவுகளில் பாதி இடப்பக்கம்தான்.

எல்லாம் இன்ஜின் மாற்றியதால் வந்த வினை. கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற பழைய லாரி அது. இன்ஜின் செத்துப்போனதும், வத்தலக்குண்டு மெக்கானிக் கந்தவேல், கழித்துக்கட்டிய பள்ளிக்கூட பஸ் ஒன்றின் இன்ஜினைத் தூக்கி வைத்துக் கொடுத்தான். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. அதன் புகையைத் திரட்டி சைலன்சருக்கு அனுப்புகிற மேனிபோல்டு என்ற வார்ப்பிரும்புக் குழாய் மட்டும் ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால், கீழே ஆடுகிற இரும்புக்கை அதில் போய் 'ணங்' என்று இடிக்கும்.

"இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பாத்து ஒடிங்கண்ணே" என்றான் கந்தவேல்.

செபாஸ்டின் பார்த்துத்தான் ஒடித்தார். ஒவ்வொரு இடது வளைவிலும் பாதி திரும்பி, நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி திரும்பினார். பின்னால் வந்த பஸ் டிரைவர்கள் அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. பூசை முடிந்து வரும்போது கண்டக்டர் ஒருத்தர்தான் அவர் மனைவி ஆக்ஸிலியாவிடம் சொன்னார்.

ஆக்ஸிலியா வெல்டர். பள்ளிக்கூடம் முடித்தபோது, சிஸ்டர்கள் நடத்திய பயிற்சி நிலையத்துக்குத் தையல் படிக்கத்தான் போனாள். தையலில் இடம் நிறைந்துவிட்டது. வெல்டிங்கில் இடம் கெடக்கு, உட்காரு என்றார்கள். உட்கார்ந்தாள். அப்போதிருந்து கொடைக்கானல் காட்டேஜ்களுக்கு கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படி என்று வீட்டு வாசல் தகரக் கொட்டகையில் வைத்து அடித்துக் கொடுக்கிறாள். இந்தத் தொழில் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், குளிருக்கு நல்லது என்று சொல்லியிருப்பாள்.

அன்றைக்கே லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள்.

"இதக் கழட்டிட்டு, ஒதுங்கிப் போற மாதிரி வேற குழா செஞ்சு மாட்டினா என்னங்க?"

"இது என்ன கேட்டா?" என்றார் செபாஸ்டின்.

"கேட்டுல புகை வராது. மத்தபடி இரும்புதான."

அதே ரக இன்ஜினின் ஹெட்டு, அதாவது புகைக்குழாய் வந்து பூட்டுகிற மேல்பாகம், விரிசல்விட்டுக் கந்தவேலின் குப்பையில் கிடந்தது. வாங்கி வந்தார்கள். கனத்த தகட்டை ஹெட்டின் ஓட்டைகளுக்கு ஏற்ப வெட்டி, அதன் மேலேயே போல்ட் போட்டு முறுக்கி வைத்தாள். முறுக்காமல் பத்தவைத்தால் தகடு சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பிறகு திண்டுக்கல்லில் வாங்கிய வளைந்த குழாய்களைத் துண்டு துண்டாக அறுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நான்கு குழாய்களையும் கீழே ஒரே வாயில் கொண்டுவந்து சேர்க்கத் தொடங்கினாள்.

இடைஞ்சல் கரண்ட்டில் வந்தது. அவள் வெல்டிங் ராடை வைத்தால் தெருவுக்கே விளக்கு மங்கும். பக்கத்து வீட்டு வீரம்மா, இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, நாடகத்துல மருமக அழுகுறா. நீ பத்தவச்சா அவ மூஞ்சி தெரியல்ல. நாடகம் முடியட்டும், விளங்குதா?"

"சரிங்கக்கா" என்றாள் ஆக்ஸிலியா. மருமகள் நெடுநேரம் அழுதாள்.

மழை வந்ததும் எல்லாவற்றையும் ஹாலுக்குள் தூக்கி, இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே டீப்பாயில் வைத்தாள். அந்தச் சமயம் பார்த்துப் பங்குச்சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். நான்கு குழாய்களையும் சுற்றிவந்து பார்த்தார்.

"குத்துவிளக்காம்மா?"

"லாரியோட புகைக்குழா, ஃபாதர்."

அவர் யோசித்துவிட்டு அதன் மேலும் தீர்த்தம் தெளித்தார். அவர் படியிறங்கியதும், துரு ஏறாமல் இருக்க ஆக்ஸிலியா அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள்.

வேலை முடிந்தபோது குழாய்கள் அவ்வளவு அழகாக இருந்தன. லாரியில் கொண்டுபோய் வைத்தாள். இரும்புக்கைக்கு இடம் தாராளமாக இருந்தது. போல்ட்டை முறுக்கப் போனாள். இரண்டாவது குழாய், தனக்குப் பின்னால் இருந்த போல்ட்டை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. எந்த ஸ்பேனரும் நுழையவில்லை. விரலே நுழையவில்லை.

"பாக்க அழகா இருக்கு" என்றார் செபாஸ்டின்.

அவள் உள்ளே போய் டீ போட்டாள். தனக்கு மட்டும் போட்டாள். குடித்துவிட்டு வந்து இரண்டாவது குழாயை அடியோடு அறுத்தெறிந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அன்றைக்கும் வெல்டிங் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தெரியவில்லை.

மறுபடி செய்தது பார்க்க அவ்வளவு அழகில்லை. ஸ்பேனர் நுழைந்தது.

முதல் சூட்டில் போல்ட்டுகள் தளரும், வழியில் நிறுத்தி முறுக்க வேண்டும். அந்த வேலையைச் செபாஸ்டினை நம்பி விட முடியாது. அவர் முறுக்கினால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். ஆகவே, மலைப்பாதையில் வாந்தி எடுப்பவளான ஆக்ஸிலியா, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த லாரியில் ஏறினாள். வெள்ளனே கிளம்பினார்கள். செபாஸ்டின் முதல் இடது வளைவை ஒரே ஒடிப்பில் ஒடித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அடுத்த வளைவு வருமுன்பே அதற்குத் தயாராகிவிட்டார். சவரிக்காடு தாண்டுவதற்குள் அவள் மூன்று தடவை இறங்கினாள், ஒரு தடவைதான் போல்ட்டுக்காக.

ஒட்டன்சத்திரத்தில் லாரி திரும்பி நின்ற விதத்தைப் பார்த்து டிரைவர்கள் கூடிவிட்டார்கள். செல்லப்பாண்டி என்ற டிரைவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கண்ணே செஞ்சீங்க? கோயம்புத்தூரா?"

"வீட்டுல செஞ்சது" என்றார் செபாஸ்டின்.

"வீட்டுல வச்சேவா! பெரிய ஆளுண்ணே நீங்க!" என்று முதுகில் தட்டினார்கள். செபாஸ்டினுக்குக் கூட்டத்தில் பேச்சு வராது. தட்டியதை வாங்கிக்கொண்டு நின்றார்.

கேபினுக்குள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த ஆக்ஸிலியாவுக்கு எல்லாம் கேட்டது. இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, கூட்டத்தை விலக்கி, சூட்டுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள்.

"மதினியா செஞ்சாங்க?" என்றார் செல்லப்பாண்டி மெதுவாக.

"அதத்தான சொன்னேன்" என்றார் செபாஸ்டின். "வீட்டுலன்னு."

ஆக்ஸிலியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மார்க்கெட் வாசலில் இரண்டு டீ சொன்னாள்.

அடுத்த வாரமே செல்லப்பாண்டியின் லாரி மலையேறி வந்து அவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். அதற்கடுத்து கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் மனோஜ்குமார் வந்தான்.

"வண்டிக்கு என்ன கேடு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, சூப்பரா ஓடுது. சத்தம்தான் பத்தல. மலையே அதிரணும்."

"அதுக்கு ஹார்ன் அடிங்க தம்பி" என்றுவிட்டு, பாதியில் நின்ற காட்டேஜ் கேட்டுக்குத் திரும்பினாள்.